முன்னால் ஒரு டயர், பின்னால் வேறு டயர்: ஏற்காடு ரோட்டில் வண்டி காட்டும் கோளாறுகள்

சேலத்தில் கோரிமேட்டைத் தாண்டி ஏற்காடு அடிவாரம் போகிற வழியில் டயர், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) வேலை பார்க்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் ஒரே மாதிரிப் புகாரோடு வண்டிகள் வர ஆரம்பிக்கும். "பிரேக்ல ஏதோ கோளாறுங்க, பாருங்க" என்பார்கள். பிரேக்கில் ஒன்றும் இருக்காது. குனிந்து டயரைப் பார்த்தால் முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி. இல்லையென்றால் முன்னால் பளபளவென்று புதுசு, பின்னால் மொட்டை.

முன்னும் பின்னும் வேறு வேறு டயர் போடுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நாலையும் ஒரே தடவையில் மாற்ற எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. என் சொந்த வண்டியிலேயே இரண்டு கம்பெனி டயர்தான் ஓடுகிறது. முன்னால் இருக்கும் இரண்டும் ஒரே மாதிரி, பின்னால் இருக்கும் இரண்டும் ஒரே மாதிரி, அதில் நல்ல ஜோடி பின்னால். இப்படி இருந்தால் சாதாரண காருக்குப் பெரும்பாலும் தொந்தரவு வராது. வந்தால், உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

எதற்கும் முன்னால் பத்து நிமிஷம்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் கிளப்புவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஒரு தாளில் நாலு கட்டம் போட்டு, ஒவ்வொரு டயருக்கும் இதை எழுதுங்கள்.

சைஸ்: பக்கவாட்டில் 185/65 ஆர்15 என்பது போல இருக்கும். அதை அடுத்து 88ஹெச் என்பது போல ஒரு எண்ணும் எழுத்தும் வரும், அது டயர் தாங்கும் எடையும் வேகமும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு சைஸை ஒப்பிடுங்கள். காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

வயது: டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. ஒரு பக்கம் நாலு எண் தெரியாவிட்டால் அடுத்த பக்கவாட்டில் இருக்கும். வண்டிக்கு அடியில் தலையை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பட்டன்: ரோட்டைத் தொடுகிற ரப்பர் கட்டைகளைத்தான் பட்டன் என்போம். அவற்றுக்கு நடுவே ஓடும் தடத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர், சட்டப்படி அதற்கு மேல் ஓட்டக் கூடாது. புது டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும். மழையில் மலை ஏறி இறங்குகிற வண்டி என்றால் நான் 3 மில்லிமீட்டரிலேயே கழற்றச் சொல்வேன். வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடத்தில் பாருங்கள். உள் ஓரம் மட்டும் கம்பி தெரியத் தேய்ந்து, வெளியே பார்க்க ஜம்மென்று இருக்கிற டயர் வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது.

அம்புக்குறி: சில டயரில் சுற்றும் திசை போட்டிருக்கும். வண்டி முன்னால் போகும்போது சக்கரம் அந்தப் பக்கம்தான் சுற்ற வேண்டும்.

காற்று: இறங்கி வந்த சூட்டோடு அடிவாரத்தில் பார்த்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள், மறுநாள் காலையில் குறைந்து நிற்கும். மேலே ஏற்காட்டில் காற்றழுத்தம் குறைவு, குளிரும் அதிகம். ஒன்று மீட்டரை ஏற்றிக் காட்டும், இன்னொன்று இறக்கிக் காட்டும். இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துவிடுவதால் மலைக்கென்று தனியாகக் காற்று வைக்கத் தேவையில்லை. ஸ்டிக்கரில் போட்டதே போதும். வண்டி நிறைய ஆள், பின்னால் மூட்டை என்றால் மட்டும் அதே ஸ்டிக்கரில் முழு எடைக்கு என்று போட்டிருப்பதை வையுங்கள்.

மழையில் திரும்பும்போது பின்பக்கம் சறுக்குகிறது

இந்தப் பட்டியலில் உயிருக்கு ஆபத்தானது இதுதான்.

போன கார்த்திகையில் நாகலூர் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். பின்பக்க பம்பர் இடது மூலை உரிந்து, அதில் கைப்பிடிச் சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. "அண்ணே, போன வாரந்தான் முன்னாடி ரெண்டும் புது டயர் போட்டேன். அப்புறம் எப்படிண்ணே சறுக்கும்?" என்றார். முன்பக்கம் பட்டன் முழுசாக இருந்தது. பின்பக்கம் விரலை வைத்தேன், தடம் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளம்தான் இருந்தது. அவருக்கு ஆன செலவு பம்பரோடு போனது. அந்த இடத்தில் சுவர் இல்லாமல் இருந்திருந்தால் கணக்கே வேறு.

இது லாரிக்காரர் ஊர். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரியில் புது டயர் முன்னால்தான் போடுவார்கள், ரீட்ரேட் பண்ணியது, அதாவது தேய்ந்த டயரில் மேல் ரப்பர் புதுசாக ஒட்டியது, பின்னால் போகும். லாரிக்கு அது சரி. பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர், ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். முன்னால் வெடித்தால் ஸ்டியரிங் போய்விடும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு காருக்கும் "புதுசு முன்னாடி போடுங்க" என்கிறோம். கடைக்காரரும் கேட்டதைப் போட்டுவிடுவார். காரில் இது தலைகீழ். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் வேகம் குறைந்து பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றும், அதைத் திருப்பிப் பிடிக்க நமக்கெல்லாம் கை பழகியிருக்காது. இறக்கத்தில் எடை ஏற்கனவே முன்னால் சாய்ந்திருக்கும். வளைவுக்குள் வந்தபிறகு பிரேக்கைத் தொட்டால் பின்பக்கம் இன்னும் லேசாகிவிடும்.

செலவில்லாததிலிருந்து பாருங்கள்.

முதலில் பின் டயர் காற்று. இரண்டிலும் ஒரே அளவு இருக்கிறதா, ஸ்டிக்கரில் போட்டபடி இருக்கிறதா.

அடுத்து பட்டன். முன்னால் அதிகம், பின்னால் குறைவு என்றால் இடத்தை மாற்றுங்கள். முன் ஜோடி பின்னால், பின் ஜோடி முன்னால், அதே பக்கத்தில். நாலும் ஒரே சைஸாக இருந்தால்தான் இது. கடையில் அரைமணி நேர வேலை, அலைன்மென்ட் கூட உடனே தேவைப்படாது. வீட்டிலேயே மாற்றினால் சமதரையில், கல் முட்டுக் கொடுத்து, ஸ்டெப்னியைப் போட்டுப் போட்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

பின் டயரில் 3 மில்லிமீட்டருக்குக் கீழ் என்றால் இடம் மாற்றியும் புண்ணியமில்லை, அது முன்னால் போய் வேறு தொந்தரவு தரும். புது ஜோடி வாங்குங்கள். வாங்கியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன் ஜோடி தேய்ந்து புதுசு வாங்கும்போதும் அது பின்னால்தான், பின்னால் இருந்தது ஓரளவு நன்றாக இருந்தால் முன்னால் வரட்டும். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், கழற்றி மாட்டுகிற வேலை இரட்டிப்பு. வற்புறுத்துங்கள்.

பட்டன் நன்றாக இருந்தும் சறுக்கினால் வயதைப் பாருங்கள். ஏற்காட்டில் வீடு வைத்துக்கொண்டு மாதம் ஒரு தடவை எடுக்கிற வண்டிகளில் இது சகஜம். எட்டு வருஷ டயர், ஆறு மில்லிமீட்டர் பட்டன், ஆனால் ரப்பர் பலகை மாதிரி. நகத்தால் அழுத்தினால் பதியாது, பக்கவாட்டில் நுணுக்கமாக வெடிப்பு ஓடும். ஆறு வருஷம் தாண்டியதைப் பட்டனைப் பார்த்து நம்பாதீர்கள்.

டயரில் குறையே இல்லை, அப்படியும் பின்பக்கம் ஆடுகிறது என்றால் பின் ஷாக் அப்சார்பர், புஷ் பார்க்க வேண்டும். ஷாக்கில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். இது மெக்கானிக் வேலை. அதுவரை மழையில் அந்த வண்டியோடு மலை ஏறாதீர்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். புது டயர் போட்ட அன்றைக்கே குடும்பத்தோடு ஏற்காடு கிளம்புகிறவர்கள் உண்டு. புது ரப்பரின் மேல் செய்யும்போது பூசிய வழவழப்பு கொஞ்சம் இருக்கும். இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் சமதரையில் ஓட்டி அது போனபிறகு இருபது கொண்டை ஊசியையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் நேராகப் போகிறது

இது பெரும்பாலும் வேகத்தின் கோளாறு. அதைக் குறைத்தும் இருந்தால் முன் டயர் காற்று, முன் பட்டன், வயது, இந்த வரிசையில் பாருங்கள். மேலே சில்வர் ஓக் நிழலில் ரோடு சீக்கிரம் காயாது, ஈர இலை ஒட்டிக் கிடக்கும். அங்கே மட்டும் ஒரு தடவை வழுக்கியது என்றால் டயரைக் குறை சொல்லாதீர்கள். சமதரையில், மழை இல்லாதபோதும் ஸ்டியரிங் மந்தமாக இருந்தால், முன்னால் விலை குறைந்த ஜோடியும் பின்னால் உசத்தியான ஜோடியும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஆபத்து குறைவுதான், ஆனால் வண்டி மாடு மாதிரி திரும்பும். அடுத்த ஜோடி வாங்கும்போது சரிசெய்துகொள்ளலாம்.

ஒரு பக்கம் இழுக்கிறது

எல்லோரும் நேராக "அலைன்மென்ட் பண்ணுங்க" என்று வருவார்கள். பண்ணிவிட்டுப் போன பிறகும் இழுக்கும். காரணம், டயரே இழுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. முன்னால் இடது ஒரு கம்பெனி, வலது ஒரு கம்பெனி என்றால் பாதிப் பேருக்கு இங்கேயே விடை. பஞ்சரான அவசரத்தில் ஸ்டெப்னியை மாட்டி, அதை மறந்தே ஆறு மாதம் ஓட்டியிருப்பார்கள்.

காற்றைச் சரி பாருங்கள். ஒரு பக்கம் ஐந்து பிஎஸ்ஐ குறைந்தாலே அந்தப் பக்கம் இழுக்கும்.

ரோட்டைப் பாருங்கள். நம் ரோடு எல்லாம் தண்ணீர் ஓட இடது பக்கம் சாய்ந்திருக்கும், லேசாக இடது பக்கம் போவது கோளாறு இல்லை. சமமான ரோட்டில் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் டயரை மாற்றிப் பார்க்கும் சோதனை. முன் இடதை வலதிலும், வலதை இடதிலும் மாட்டி ஓட்டுங்கள். இழுக்கிற பக்கம் மாறினால் டயர்தான் குற்றவாளி. அதே பக்கம் இழுத்தால் டயர் தப்பித்தது. அம்புக்குறி உள்ள டயரை இப்படிப் பக்கம் மாற்றக் கூடாது. அதற்கு அதே பக்கத்தில் முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றிப் பாருங்கள், இழுப்பு நின்றுவிட்டால் முன்னால் இருந்த டயர்தான். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு டீக்காசு. இதைச் செய்யாமல் மூன்று கடையில் மூன்று தடவை அலைன்மென்ட் செய்து வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

டயர் இல்லை என்று தெரிந்தால்தான் அலைன்மென்ட். சில நூறு ரூபாய் வேலை. அளவுகள் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள், வேலைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று இரண்டும் இருக்க வேண்டும். "சரி பண்ணிட்டேன் சார்" என்று வாயால் சொல்வது கணக்கில்லை.

தாளில் அலைன்மென்ட் அளவு சரி என்று பச்சையில் இருந்தும் இழுத்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். சமதரையில் பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன் ரிம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கக் காலிப்பர் (பிரேக் கட்டையை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்) சிக்கிக்கொண்டிருக்கிறது. மலை இறங்கியதும் இதைப் பார்க்காதீர்கள், அப்போது எல்லாமே கொதிக்கும். சூட்டில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, டிஸ்க் வளைந்துவிடும். காலிப்பர், லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட் எல்லாம் மெக்கானிக்கிடம்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் டயர் வேலையை விட்டுவிட்டு நேராகப் பிரேக் மெக்கானிக்கிடம் போங்கள்.

ஊங்… என்ற சத்தம்

வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடும். பின்னால் இருந்ததை முன்னால் மாற்றிய அன்றே ஆரம்பித்திருந்தால் பயம் வேண்டாம். பின்னால் ஓடும்போது பட்டன் ரம்பப் பல் மாதிரி ஒரு பக்கம் உயர்ந்து தேய்ந்திருக்கும், முன்னால் வந்ததும் உங்கள் காதுக்கு எட்டுகிறது. உள்ளங்கையை டயர் மேல் ஒரு திசையில் ஓட்டுங்கள், பிறகு எதிர்த் திசையில். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் சுரண்டினால் அதுதான். சில ஆயிரம் கிலோமீட்டரில் குறையலாம், குறையாமலும் போகலாம்.

சத்தம் சக்கரம் சுற்றும் பேரிங்கிலா டயரிலா என்று குழப்பம் வந்தால், காலியான ரோட்டில் 40 வேகத்தில் ஸ்டியரிங்கை லேசாக இடதும் வலதும் ஆட்டுங்கள். ஒரு பக்கம் சாயும்போது மட்டும் சத்தம் கூடினால் பேரிங். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறியதும் சத்தம் மாறினால் டயர். ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றும்போது கரகரத்தாலோ, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடினாலோ பேரிங் மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

80-க்கு மேல் நடுக்கம்

ஓமலூர் பக்கம் நாலு வழிச் சாலையில் போகும்போதுதான் தெரியும், மலையில் தெரியாது. ஸ்டியரிங் நடுங்கினால் முன் சக்கரம், சீட் நடுங்கினால் பின் சக்கரம் என்பது நூற்றுக்கு நூறு இல்லை, ஆனாலும் அங்கிருந்து ஆரம்பிக்கலாம். முதலில் ரிம்முக்குள் சேறு அப்பியிருக்கிறதா பாருங்கள், கழுவினால் போய்விடும். அடுத்து பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது. அடுத்து ரிம் வளைவு. டயரின் பக்கவாட்டில் முட்டை மாதிரிப் புடைப்பு தெரிந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அந்த டயரில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் ஸ்டெப்னியை மாட்டுங்கள். பஞ்சர் கடையில் "ஓடும் சார்" என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஏபிஎஸ், இஎஸ்பி விளக்கு எரிகிறது

ஏபிஎஸ் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும், இஎஸ்பி வண்டி சறுக்காமல் பார்க்கும். விளக்கு டயர் மாற்றிய பிறகு வந்ததா? அப்படியென்றால் சைஸ். 185/65 ஆர்15 டயரின் உயரம் சுமார் 621 மில்லிமீட்டர், 195/65 ஆர்15 சுமார் 634. "ஒரு சைஸ்தான் பெருசு" என்று முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் போட்டால், இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், ஏதோ சக்கரம் சறுக்குகிறது என்று கம்ப்யூட்டர் நினைக்கும். சில வண்டி பொறுத்துக்கொள்ளும், சில வண்டி விளக்கைப் போடும். கம்பெனியே முன்னும் பின்னும் வேறு சைஸ் கொடுத்திருந்தால் அது வேறு கதை, அதை அப்படியேதான் வைக்க வேண்டும்.

காற்று விளக்கு மட்டும் என்றால் காற்றைச் சரிசெய்து, கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்யுங்கள். சைஸும் காற்றும் சரி என்றால், சக்கரத்துக்குப் பின்னால் போகும் சென்சார் ஒயர் வேலை பார்க்கும்போது இழுபட்டிருக்கலாம். அது ஸ்கேனர் உள்ள கடையில்தான் தெரியும். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கோடு சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

ஜீப், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

எஸ்டேட் ஜீப்புகளில் பின்னால் பெரிய பட்டன் டயர், முன்னால் சாதா டயர் பார்க்கலாம். சேற்றில் ஏற அது உதவும். ஈரத் தாரில் அந்தப் பெரிய பட்டன் ரோட்டைத் தொடுகிற பரப்பு குறைவு, பின்பக்கம் சட்டென்று விடும். மழையில் தார் ரோட்டில் அதற்கேற்ற வேகம்தான்.

4x4 போட்டதும் திருப்பத்தில் வண்டி கட்டிப்போட்ட மாதிரி முக்கினால் முதலில் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற 2-க்கு மாற்றுங்கள். காய்ந்த தாரில் அதைப் போடவே கூடாது. மண்ணில் ஓட்டும்போதும் முக்கினால் நாலு டயரின் சைஸையும் பட்டனையும் அளந்து பாருங்கள். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருந்தால் இரண்டு மட்டும் புதுசாகப் போடுவதற்கு முன் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்று அதில் இருக்கும். டயரில் மிச்சம் பிடித்த காசைப் போல் பல மடங்கு கியர் பெட்டிக்குக் கொடுக்க வேண்டி வரும். அங்கிருந்து முனகல் சத்தம் வந்துவிட்டால் கம்பெனி சர்வீஸுக்குத்தான்.

வழியில் பஞ்சர், ஸ்டெப்னி வேறு சைஸ்

இப்போது பல வண்டிகளில் ஸ்டெப்னி சின்னதாக வருகிறது, 80-க்கு மேல் போகாதே என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். முன் சக்கரம் இழுக்கிற வண்டியில் முன்னால் பஞ்சரானால், இடமும் நேரமும் இருந்தால் பின் சக்கரத்தைக் கழற்றி முன்னால் மாட்டி, ஸ்டெப்னியைப் பின்னால் போடுங்கள். வளைவில் இதைச் செய்ய நிற்காதீர்கள். ரிம் கெட்டாலும் பரவாயில்லை, நேரான, அகலமான இடம் வரைக்கும் ஊர்ந்து போய், எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு மாற்றுங்கள். அப்புறம் இரண்டாவது கியரிலேயே இறங்கி, அடிவாரம் வந்ததும் முதல் வேலையாகப் பஞ்சரைப் போட்டுப் பழைய டயரை ஏற்றிவிடுங்கள். ஆறு மாதமாகக் காற்றே பார்க்காத ஸ்டெப்னி என்றால் பாதிதான் இருக்கும். அதனால் மலைக்குக் கிளம்புகிற அன்று காலையில் நாலுக்குக் காற்றுப் பிடிக்கும்போது ஐந்தாவதையும் வெளியே எடுத்துக் காட்டுங்கள்.